பழைய வாகனத்தின் மானிகள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் வழங்குவது எங்கள் நாட்டு மரபு. ஞாயிறு படுகின்ற கரை ஒன்று. எழுகின்ற கரை மற்றொன்று. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, அவ்வழியாகக் கொக்கட்டிச்சோலைக்குச் செல்பவர் தம் வண்டியோடு ‘பாதை’யில் ஏறியே வாவியைக் கடந்தனர். பாதை என்றால் இங்கே நிலத்து வழியன்று. வாகனங்களைச் சுமந்து நீரைக் கடக்கும் தட்டைப் படகு. அந்தப் பாதைக்காகக் காத்து நின்ற வேளைகளிலேதான் பிறர் வண்டிகளுக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டாயிற்று. அது நல்ல பழக்கமன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அதனால் ஓர் உண்மையை அறிந்தேன். பழைய வண்டிகளிற் பலவற்றில், சாரதிக்கு முன்னாலுள்ள மானிகளுள் ஒன்றிலேனும் முள் அசைவற்றுக் கிடக்கும். ஏன் என்று கேட்டால், “அது வேலை செய்யாது, தம்பி” என்று சிரித்துக்கொண்டே விடை வரும்.

அந்தச் சிரிப்பின் விலை என்ன என்பதைப் பிற்பாடு எங்கள் குடும்பத்திலேயே கண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், பெரும்போக அறுவடை முடிந்த சமயம். கொக்கட்டிச்சோலைக்கு அப்பாலுள்ள ஒரு வட்டையில், என் மாமாவின் மெசி பேர்குசன் 135 உழவு இயந்திரம் சூடு மிதித்துக்கொண்டிருந்தது. இருட்டிய பின்னும் வேலை ஓயவில்லை. இடையிலே நீர்க்குழாய் ஒன்று வெடித்து, றேடியேற்றர் நீர் முழுவதும் வைக்கோலுக்குள் வடிந்துவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்த பையன் பொறுப்பில்லாதவன் அல்லன். இயந்திரத்தின் ஓசை மாறியதும் கைவிளக்கை அடித்து வெப்பமானியைப் பார்த்திருக்கிறான். முள் ‘குளிர்’ என்ற பக்கத்திலே அமைதியாக இருந்தது. ஆகவே மேலும் நாலு சுற்றுச் சுற்றினான். எஞ்சினின் தலைப்பாகம் வளைந்து, உள்ளிருந்த அடைப்புத் தகடு எரிந்து போயிற்று. வானம் இருண்டு வர, மிதிபடாத சூட்டோடு மாமா வாடியிலே காத்திருந்து, அயலூரிலிருந்து வேறோர் இயந்திரத்தை வாடகைக்கு அழைத்தார். “மனே, முள்ளு நல்லாத்தானே காட்டிச்சு” என்று அவர் அன்று சொன்ன சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

முள் நல்லதையே காட்டிற்று. அதுதான் அங்கிருந்த குற்றம். அவ்வகை வெப்பமானியில், எஞ்சின் நீரிலே மூழ்கியிருக்கும் ஒரு செப்புக் குமிழிலிருந்து மானி வரைக்கும் நூல்போன்ற மெல்லிய குழாய் ஒன்று செல்கிறது. குமிழுக்குள் எளிதில் ஆவியாகும் திரவம் உண்டு. சூடேறும்போது அதன் அமுக்கம் கூடி, மானிக்குள் வளைந்திருக்கும் தட்டைக் குழாயை விரியச் செய்ய, முள் நகர்கிறது. மாமாவின் இயந்திரத்திலே அந்த நூற்குழாய், மூடியின் கீழ் எப்போதோ நசுங்கி அறுந்து, திரவம் போய்விட்டிருந்தது. திரவமில்லாத மானிக்கு அமுக்கமில்லை. அமுக்கமில்லாத முள் ‘குளிர்’ என்ற இடத்திலேயே கிடக்கும்.

நேயர்களே, பழைய வண்டி வைத்திருப்போர் அனைவரும் மனங்கொள்ள வேண்டியது இதுவே. ஒவ்வொரு மானியும் செத்துப்போனால் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். எண்ணெய் அமுக்கமானி செத்தால் முள் சுழியத்தில் நிற்கும்; அதாவது, ஆபத்து என்று சொல்லும். அது கெட்ட செய்தியாயினும் நம்மைக் காக்கும் பொய். வெப்பமானியோ, நூற்குழாய் அறுந்தாலும் மின்கம்பி அறுந்தாலும், எல்லாம் நலம் என்று சொல்லும். இனிக்கப் பேசுகின்ற அந்தப் பொய்தான் எஞ்சினைக் கொல்கிறது. இன்னொன்றும் உண்டு. மானி பழுதில்லாதிருந்தாலும், நீர் மட்டம் இறங்கிக் குமிழ் வெறும் ஆவியிலே தொங்குமானால், அது மெய்யான சூட்டைக் காட்டாது. ஆகையால் எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் றேடியேற்றர் மூடியைத் திறந்து நீரைப் பார்க்கும் பழக்கத்தை எந்த மானியும் நமக்கு மிச்சப்படுத்தித் தந்துவிடாது. சூடாயிருக்கும்போது மட்டும் அம்மூடியில் கை வைக்க வேண்டா.

செம்மணி விளக்கினால் எண்ணெய் அமுக்கத்தைக் காட்டும் வண்டிகளும் உள. அவற்றிலே பொய்யின் திசை மாறிவிடுகிறது. விளக்கு எரிந்தால் ஆபத்து, எரியாவிட்டால் நலம். குமிழ்விளக்கே எரிந்து போயிருந்தால்? என்றைக்கும் நலந்தான்! திறப்பைத் திருப்பியதும், எஞ்சின் ஓடத் தொடங்குமுன், அந்த விளக்கு ஒரு கணம் எரிகிறதா என்று பார்க்க வேண்டியது இதற்காகவே.

இனி எரிபொருள் மானிக்கு வருவோம். இதைப்பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். ஏனெனில் இதிலேதான் வீண்செலவு மிகுதி.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பிரித்தானியக் கார்களின் மானிகள் இருவகைப்படும். 1950களின் வண்டிகளில் இரண்டு மின்சுருள்கள் ஓர் இரும்புத் துண்டை இருபுறமும் இழுக்க, அதனோடு முள் திரும்பும். 1960களில் வந்த வகையில், சூடேறினால் வளைகின்ற இரு உலோகத் தகடு ஒன்று முள்ளைத் தள்ளும். உங்கள் வண்டியில் உள்ளது எது என்று அறிவது எளிது. திறப்பைத் திருப்பியதும் முள் துள்ளி எழுந்தால் முந்திய வகை. மெல்ல மெல்ல ஏறினால் பிந்திய வகை.

பரிசோதனைக்குத் தாங்கியின் மேலுள்ள மின்கம்பியைக் கழற்றுங்கள். மெல்ல ஏறும் வகையாயின் முள் ‘வெறுமை’க்கு இறங்க வேண்டும், அக்கம்பியை வண்டியின் உடல் இரும்பிலே தொட்டால் ‘நிறைவு’ நோக்கி ஏற வேண்டும். தொடுவது சில நொடிகளே. நெடுநேரம் பிடித்தால் மானி கருகும். துள்ளும் வகையாயின் எல்லாம் தலைகீழ்: கழற்றினால் நிறைவு, தொட்டால் வெறுமை. இவ்வாறு முள் ஒழுங்காக அசைந்தால் மானியும் கம்பியும் குற்றமற்றவை, பழுது தாங்கிக்குள்ளே. அசையாவிட்டால் தாங்கியைக் கழற்ற வேண்டியதில்லை, பழுது முன்பக்கத்தில். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் புது மானி வாங்கிப் பூட்டி, அதுவும் அசையாதது கண்டு கடைக்காரரை ஏசியவர்களை நான் அறிவேன்.

தாங்கிக்குள் இருப்பது மிதவையும், அதன் அசைவுக்கேற்ப மாறுகின்ற தடைக் கம்பியுந்தான். மிதவை ஓட்டையாகி மூழ்கினால், தாங்கி நிறைந்திருந்தும் முள் வெறுமையைக் காட்டும். மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே தளும்பினால் அது போயிற்று. அதை ஈயம் பற்றவைத்து அடைக்கலாம் என்று யாரேனும் சொல்வர். உள்ளே பெற்றோல் ஆவி இருக்கும்போது சூடு காட்டுவது உயிருக்கு உலை. பெற்றோல் ஆவி காற்றினும் பாரமானது. தரையோடு தவழ்ந்து தூரத்துச் சுடரைத் தேடிச் செல்லும். தாங்கியைத் திறப்பவர் வெளியிடத்திலே, பற்றரியைக் கழற்றிவிட்டு, சுருட்டையும் தூர எறிந்துவிட்டே திறத்தல் வேண்டும்.

மெல்ல ஏறும் வகை மானிகளுக்குப் பின்னால் சிறு பெட்டி ஒன்று உண்டு. பற்றரியின் 12 வோல்ற்று ஏறியிறங்கினாலும் மானிகளுக்குச் சராசரியாக 10 வோல்ற்று மட்டும் செல்லும்படி காப்பது அதன் கடமை. எரிபொருள் முள்ளும் வெப்ப முள்ளும் ஒருங்கே உயர்ந்து நின்றால், தாங்கியையும் றேடியேற்றரையும் ஐயுறுமுன் இந்தப் பெட்டியை ஐயுறுங்கள். இரண்டும் ஒருங்கே செத்தாலும் அப்படியே. இந்தப் பெட்டியின் உடல், வண்டியின் உடல் இரும்போடு நன்கு தொட்டிருத்தல் வேண்டும். கராஜ்காரர் இதை ‘ஏர்த்’ என்பர். அத்தொடர்பு விட்டுப்போனால், தடுப்பின்றி முழு மின்னழுத்தமும் மானிகளுக்குச் செல்லும். மட்டக்களப்பு நகரிலுள்ள என் நண்பர் ஒருவரின் கார் சதா கொதிப்பதாகக் காட்டிற்று. ஒரு கராஜில் றேடியேற்றரைக் கழுவினர், நீர்ப்பம்பை மாற்றினர், இரண்டு மாதச் சம்பளம் கரைந்தது. தாங்கி அரைவாசியாக இருக்கும்போதே எரிபொருள் முள்ளும் நிறைவைத் தாண்டி நின்றதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஈற்றிலே துருப்பிடித்த ஒரு திருகாணியைக் கழற்றி, மண்கடுதாசியால் தேய்த்துப் பூட்டியதும் கொதிப்பு அடங்கிற்று. கார் ஒருநாளும் கொதித்திருக்கவில்லை!

எங்கள் பக்கத்திலே இந்த ஏர்த் பிணி மிகுதி. வாவி நீரில் உப்பு உண்டு. கடற்காற்றும் உப்பைச் சுமந்து வருகிறது. வயற்சேறு எங்கும் ஏறுகிறது. இரும்பும் செம்பும் சந்திக்கும் ஒவ்வொரு மூட்டிலும் பச்சையும் பழுப்புமாகப் பூத்திருக்கும். தேய்த்துப் பளபளப்பாக்கிப் பூட்டிய பின், மேலே சிறிது கிறீஸ் தடவிவிட்டால் சில மழைக்காலங்கள் தாங்கும்.

எரிபொருள் முள் மெய் பேசுவது எவ்வளவு பெரிய பொருள் என்பதை 2022ஆம் ஆண்டு எல்லார்க்கும் உணர்த்திற்று. அவ்வாண்டு கியூஆர் முறை தொடங்கியபோது, கிழமை ஒன்றுக்குக் காருக்கு 20 லீற்றரும் முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றருமே கிடைத்தன. கால் தாங்கி இருக்கிறதென்று முள்ளை நம்பி நோயாளியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர், நடுவழியில் நிற்க நேர்ந்தால் எந்த வரிசையிற் போய் நிற்பார்? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. அவ்வளவு காலமும் நாடு ஓடியது பழைய வண்டிகளிலே.

மானியைச் சரிபார்க்க அப்போது நான் கையாண்ட முறை எளியது. தாங்கியை முற்றாக வடித்து, 5 லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் கடதாசியில் வரைந்துகொண்டேன். பழைய மானிகள் நடுவில் ஒருவாறும் அந்தங்களில் வேறொருவாறும் காட்டும். பொய்யின் அளவு தெரிந்துவிட்டால் பொய்யனோடும் வாழலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்வேன். எண்ணெய் அமுக்க முள் தாழ்ந்தால், மானி பொய்யென்று நிறுவப்படும் வரை அதை மெய்யென்றே கொண்டு எஞ்சினை நிறுத்துங்கள். வேறொரு நல்ல மானியைப் பூட்டிப் பார்ப்பதே சோதனை. அமுக்கமானிக்குச் செல்லும் மெல்லிய குழாய் ஒழுகினால், எஞ்சின் எண்ணெய் முழுவதும் அவ்வழியே வெளியேறக்கூடும். மின்னோட்டமானிக்கு, எஞ்சினை நிறுத்தி முன்விளக்குகளை ஏற்றுங்கள். முள் கழித்தற் பக்கம் சாய்தல் வேண்டும். மாறிச் சாய்ந்தால் கம்பிகள் இடம் மாறியுள்ளன. அதன் பின்புறத்தைத் தொடுமுன் பற்றரியைக் கழற்றுதல் கட்டாயம். வண்டியின் மின்னோட்டமெல்லாம் அவ்வழியே செல்கிறது.

வேகமானியின் முள் நடுங்கினால் பெரும்பாலும் குற்றம் மானியிலன்று. அதைச் சுழற்றும் கம்பிவடத்திலே. வடம் வரண்டோ, கூர்மையாக மடிந்தோ இருக்கும். கழுவிக் கிறீஸ் பூசுங்கள். மானியை அண்டிய மேல் நுனியில் மட்டும் பூசாதீர்கள். கிறீஸ் மேலேறி மானிக்குள் புகுந்தால், காந்தத்துக்கும் அதைத் தொடாமல் திரும்புகின்ற அலுமினியக் கிண்ணத்துக்கும் இடையே ஒட்டிக்கொள்ளும். அப்பால் அதைத் திருத்துவது கைக்கடிகாரம் திருத்துபவரின் பொறுமை உடையவர்க்கே இயலும்.

மாமாவின் இயந்திரத்துக்கு அடுத்த போகத்துக்கு முன் புதிய வெப்பமானி வந்தது. அறுந்த நூற்குழாயை ஒட்டித் திருத்த முடியாது. குமிழும் குழாயும் மானியுமாக முழுவதையுமே மாற்ற வேண்டும். பூட்டுவதற்கு முன் மாமா வயல் வாடியிலே தேநீருக்குக் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலுக்குள் குமிழை இறக்கினார். முள் மெல்ல நகர்ந்து, சூட்டுப் பக்கம் ஏறி நின்றது. குமிழை வெளியே எடுத்தார், முள் இறங்கிற்று. மறுபடியும் இறக்கினார். அன்று தேநீர் குடிக்க நாங்கள் நெடுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.