சாரல் நின்ற பிறகும் எரியும் அடுப்பு



ஒரு ஊரின் சாப்பாட்டுக் கடையை எந்த நாளில் போய் எடைபோடுவது? செங்கோட்டை, பிரானூர், குற்றாலம் பக்கத்துக் கடைகளைப் பற்றிப் பேச உட்கார்ந்ததும் எனக்கு முதலில் வந்த கேள்வி இதுதான். ஆடி மாதத்தில் ஐந்தருவியிலோ பழைய குற்றாலத்திலோ அரைமணி நேரம் தலையைக் கொடுத்துவிட்டு, பல் கிடுகிடுக்க வெளியே வருகிறவருக்கு எந்தக் கடையும் நல்ல கடைதான். அந்தப் பசிக்கு ஆறிப்போன இட்லியும் ருசிக்கும். அதனால், சீசனுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பிப் புகழ்கிறவர்களின் சாட்சியத்தில் பாதியை நான் அருவிக் கணக்கில் எழுதிவிடுவேன். மீதிப் பாதியைக் கடைக்காரர் கணக்கில் எழுத வேண்டுமானால், பங்குனி மாதத்தில் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை வர வேண்டும். பாறை வறண்டு கிடக்கும். பேருந்தில் வந்து இறங்குகிறவர்கள் தாலுகா அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற உள்ளூர்க்காரர்கள். அன்றைக்கு இலையில் விழுவதுதான் அந்தக் கடையின் கைப்பக்குவம்.

செங்கோட்டை, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஆரியங்காவுக் கணவாய்க்கு நேர் எதிரே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, கையில் மிஞ்சிய ஈரத்தைக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் தள்ளிவிடும். அதுதான் சாரல். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் தூறலும் வெயிலும் மாறி மாறி வரும். இந்தக் காற்றில் பொரித்த பண்டம் எதுவும் நிற்காது. வடை கொஞ்ச நேரத்தில் நமுத்துப்போகும், அப்பளம் துவண்டுவிடும். ஆகவே இங்கே நல்ல டீக்கடையை அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. கண்ணாடிப் பெட்டி நிறைய வடையை அடுக்கி வைத்திருக்கும் கடையை விட்டுவிடுங்கள். சட்டியில் நாலைந்து மட்டும் மிதக்க, அடுத்த ஈட்டுக்கு ஆட்களை நிற்க வைத்திருக்கும் கடைக்குப் போங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது எல்லையிலிருக்கும் ஊர், அதுவும் எல்லை இடம்மாறிய ஊர். செங்கோட்டை முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பக்கத்துத் தென்காசியோ ஆங்கிலேயரின் திருநெல்வேலி ஜில்லா. இரண்டுக்கும் நடுவில் எல்லை விழுந்த இடம் பிரானூர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை மலைமேல் ஏறி, புளியரைக்கு அப்பால் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் பிரானூருக்கு ‘பார்டர்’ என்ற பெயர் மட்டும் போகவில்லை. மர அறுவை மில்களும் லாரிகளும் நிறைந்த அந்தச் சாலையோரத்தில்தான், இன்று தமிழ்நாடு முழுவதும் பலகையில் எழுதிக்கொள்ளும் ‘பார்டர் புரோட்டா’ பிறந்தது. அங்கிருக்கும் ரஹ்மத் கடையின் பெயரைக் கேள்விப்படாத நேயர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். லாரி ஓட்டுநருக்கும், மரம் வாங்க வந்த வியாபாரிக்கும், மலையேறப் போகிற குடும்பத்துக்கும் ஒரே பெஞ்சில் இலை போட்டு வளர்ந்த கலை இது.

கலை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். புரோட்டாவில் என்ன இருக்கிறது? மைதா, உப்பு, தண்ணீர், எண்ணெய். சிலர் கொஞ்சம் சீனி சேர்ப்பார்கள். இவ்வளவு எளிய சரக்கை வைத்துக்கொண்டு ஒரு கடை பேர் வாங்குகிறது, பக்கத்துக் கடை வாங்கவில்லை என்றால், வித்தியாசம் கையிலும் பொறுமையிலும் மட்டுமே இருக்க முடியும். பொறுமையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் சாப்பிடுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. மாவைப் பிசைந்ததும் அதற்குள் இருக்கும் பசைச்சத்து இறுகிக்கொள்ளும். ஈரத்துணி போட்டு மூடி ஊறவிட்டால்தான் அது தளரும். தளராத மாவை வீசினால் விரியாது, சுருங்கிச் சுருங்கித் திரும்பி வரும், கிழியும். கூட்டம் நெருக்குகிற நாளில் இந்த ஊறல் நேரத்தில்தான் பல கடைகள் கை வைக்கின்றன. விளைவு உங்கள் தாடைக்குத் தெரியும்.

அப்புறம் கை. உருண்டைகளை எண்ணெயில் குளிக்க வைத்து, கல்மேடையில் தட்டி, விளிம்பைப் பிடித்து மாஸ்டர் வீசுகிறார். மாவு கண்ணாடி போல மெலிந்து அடியில் இருக்கும் கல் தெரிய வேண்டும். அதைக் கொசுவி, சுருட்டி, வட்டமாகச் சுற்றி வைத்து, கொஞ்சம் விட்டு, உள்ளங்கையால் அழுத்திக் கல்லில் போடுகிறார். வெந்தவற்றை நாலைந்தாக அடுக்கி, இரு பக்கமும் கைகளால் சேர்த்து அடிக்கும் அந்தச் சத்தம் சாலைக்குக் கேட்கும். வேடிக்கை காட்டுவதற்காக அடிப்பதில்லை. சூடு இருக்கும்போதே அடித்தால்தான் அடுக்குகள் விலகி உள்ளே இருக்கும் ஆவி வெளியேறும். அடிக்காமல் விட்டால் ஆவி உள்ளேயே தங்கி, அடுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். செங்கோட்டைப் பக்கத்துப் புரோட்டா சின்னது. விருதுநகரில் எண்ணெயில் பொரித்தெடுக்கும் மொறுமொறுப்பை இதில் தேட வேண்டாம். இதற்கு மென்மைதான் குணம்.

அந்த மென்மைக்குக் காரணம் சால்னா. இங்கே புரோட்டாவை விண்டு தொட்டுச் சாப்பிடும் வழக்கம் இரண்டாம்பட்சம். பரிமாறுகிறவரே இலையில் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றிவிட்டு, “ஊறட்டும் அண்ணாச்சி” என்று போய்விடுவார். அந்த இரண்டு நிமிடம் காத்திருக்கத் தெரியாதவர்களுக்கு இந்தச் சாப்பாடு பாதிதான் கிடைக்கும். அடர்த்தியான குழம்பு மேலேயே நின்றுவிடும். நீர்த்த சால்னாதான் அடுக்குகளுக்குள் இறங்கும். ஆனால் நீர்த்திருப்பதும் சப்பென்று இருப்பதும் ஒன்றல்ல. எலும்பு வெந்த சாறு, வதங்கிய வெங்காயம் தக்காளி, அரைத்த தேங்காய், பெருஞ்சீரகம் எல்லாம் அதில் இருந்தாக வேண்டும். சால்னாவை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். முதலில் காரம் மட்டும் தெரிந்தால், அந்தக் கடையில் மிளகாய்த்தூள் சமைத்திருக்கிறது. பெருஞ்சீரகமும் தேங்காயும் முதலில் வந்து, காரம் தொண்டையில் தாமதமாகத் தெரிந்தால், மனிதர் சமைத்திருக்கிறார்.

வெஞ்சனம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாட்டுக்கோழி, காடை, மிளகு தூக்கலான வறுவல். இதில் என் அபிப்பிராயம் ஊர்ப் புகழுக்குக் கொஞ்சம் மாறானது. பேர் பெற்றது கோழி, பெறவேண்டியது புரோட்டாவும் சால்னாவும். நல்ல நாட்டுக்கோழி கிடைத்தால் வறுப்பது பெரிய வித்தையில்லை. கோழி இல்லாமல் வெறும் சால்னாவோடு நாலு புரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திருப்தியாக எழுந்திருக்க முடிகிறதா என்பதே என் பரீட்சை. பிரானூரில் பெயர் பெற்ற கடைகளில் பங்குனி மாதத்திலும் அது முடிகிறது. பேரை மட்டும் கடன் வாங்கி வெளியூர்களில் பலகை மாட்டியிருக்கும் பல கடைகளில் முடிவதில்லை.

சீசன் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சனி, ஞாயிறுகளில் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் நின்றுகொண்டு, நாம் கடைசி வாய் எடுப்பதை எண்ணிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு இக்கட்டில் எந்தக் கலையையும் ரசிக்க முடியாது. பரிமாறுகிறவரையும் குறை சொல்ல முடியாது. நடு வாரத்தில், பொழுது சாய்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போனால், முதல் கல் சூடாகும்போதே இடம் கிடைக்கும். மாஸ்டருக்கும் கை அலுத்திருக்காது.

டீக்கடைகளுக்கு வருவோம். 1904-இல் செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 2010-இல் அகலப் பாதைக்காக நிறுத்தி, 2018-இல் மறுபடி திறந்தார்கள். அந்த ரயிலிலும், மலைச்சாலையிலும், ஆட்களோடு சேர்ந்து ருசியும் இரண்டு பக்கமும் போய்வந்திருக்கிறது. அதனால்தான் இங்கே ஒரே கடையில் ஒருவர் “டீ ஒண்ணு, சீனி கம்மி” என்பார், பக்கத்தில் நிற்பவர் கட்டன் சாயா கேட்பார், கடைக்காரர் இருவருக்கும் ஒரே முகத்தோடு ஆற்றிக் கொடுப்பார். புட்டும் கடலையும் ஒரு தட்டில், இட்லியும் மிளகாய்ப்பொடியும் அடுத்த தட்டில். நேந்திரம்பழ பஜ்ஜி, சுகியன், உளுந்தவடை எல்லாம் ஒரே எண்ணெய்ச் சட்டியில் இறங்கி ஏறும். நேந்திரம்பழ பஜ்ஜிக்கு மட்டும் ஒரு யோசனை. தோல் நன்றாகக் கறுத்த பழத்தில் போடுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சளாக இருக்கும்போதே நறுக்கினால் உள்ளே புளிப்பு தட்டும், அதை மறைக்க மாவில் சீனியைக் கொட்டுவார்கள்.

குற்றாலத்துச் சாலையோரங்களில் சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து விற்பதை உணவகக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. சேர்க்கலாம் என்றே நினைக்கிறேன். புரோட்டாவுக்குப் பின் ஐஸ்கிரீம் தேடுவதைவிட, வெளியே வந்து இரண்டு மங்குஸ்தானை உள்ளங்கையில் வைத்து நெரித்து உடைப்பது எவ்வளவோ மேல்.

இனி சைவக் கடைகள். இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். கார்த்திகை பிறந்துவிட்டால் இந்த ஊருக்கு இரண்டாவது சீசன். மாலை போட்ட பக்தர்கள் ஆரியங்காவு, அச்சன்கோவில், சபரிமலை என்று இந்த வழியாகப் போவார்கள், குற்றாலத்தில் குளிப்பார்கள். “சாமி, வாங்க சாமி” என்று கடைகள் விடியுமுன்பே திறந்துவிடும். அந்த இட்லி, பொங்கல், சாம்பார் பழுதில்லாமல்தான் இருக்கிறது. ஆனால் தை பிறந்து கூட்டம் கரைந்ததும், பல கடைகளில் மதியச் சாப்பாடு எந்த ஊரிலும் கிடைக்கிற சாப்பாடாகிவிடுகிறது. மாலையில் சப்பாத்தி குருமா, காலிபிளவர் மஞ்சூரியன்.

இது ஏன் வருத்தம் என்றால், சரக்குக்கு இங்கே பஞ்சமே இல்லை. பக்கத்தில் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை. அங்கிருந்து லாரி லாரியாகக் காய்கள் இதே சாலையில் கேரளத்துக்கு ஏறுகின்றன. ஓணம் நெருங்கினால் உள்ளூர்க்காரர்கள் விலையைக் கேட்டுவிட்டுப் பையை மடித்துக்கொள்ளும் அளவுக்கு அந்தப் போக்குவரத்து இருக்கிறது. வடக்கே புளியங்குடியில் எலுமிச்சை. சுற்றிலும் தென்னந்தோப்பு, நெல்வயல். இவ்வளவும் வாசலில் இறங்கும்போது, அவியலும் இடிசாம்பாரும் உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் வீட்டுச் சமையலறைகளோடு நின்றுவிட்டது நியாயமா? சொதியைச் சொல்லவே வேண்டாம். பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, மற்ற காய்கள், முதல் தேங்காய்ப்பால், கடைசியில் எலுமிச்சை, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. நெல்லைச் சீமையின் கல்யாண வீடுகளில் மறுநாள் விருந்தென்றால் அதுதான். தேங்காய்ப்பாலைச் சேர்த்த பின் கொதிக்க விட்டால் திரிந்துவிடும். நுரை கட்டும்போதே இறக்க வேண்டும். ஆக, மணிக்கணக்கில் சூடு பண்ணி வைத்து விற்க முடியாத குழம்பு. கடைகள் அதைத் தொடாததற்கு அது ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊறாத மாவைப் புரோட்டாவாக்கக் கூடாது என்று நூறு பேர் காத்திருக்கையிலும் பிடிவாதம் பிடிக்கிற மாஸ்டர்கள் இருக்கிற ஊரில், நுரை கட்டும் நேரத்தில் சட்டியை இறக்க ஒரு ஆள் இல்லாமலா போவார்?

விருந்தின் ரசனை என்றால் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. நினைவுக்கு வருகிறார். தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தவர். 1954-இல் மறைந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அங்கே வந்தார்கள். வந்தவர்களுக்கு முதலில் விருந்து, அப்புறம் கவிதை. இலையையும் பாட்டையும் ஒரே மனத்தோடு சுவைக்கலாம் என்று அவர் வீட்டுக்கு வந்து போனவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ரசனை கடைத்தெருவில் பாதி இருக்கிறது. பிரானூர் இரவுகளில் அது தெரிகிறது. சைவப் பந்தியில்தான் காணவில்லை.

சைவக் கடை நடத்துகிற அண்ணாச்சி யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு விண்ணப்பம். தினமும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை மதியம், ஐம்பது இலைக்கு மட்டும் சொதி போடுங்கள். தீர்ந்தால் தீர்ந்தது என்று பலகையில் எழுதி வையுங்கள். சீசனில் தொடங்காதீர்கள், கூட்டம் உங்களை அவசரப்படுத்திக் கெடுத்துவிடும். பங்குனியில் தொடங்குங்கள். உள்ளூர்க்காரர்கள் குறை சொல்வார்கள், எங்கள் ஆச்சி வைத்த சொதி போல இல்லை என்பார்கள். சொல்லிவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்து உட்காருவார்கள்.