முதுகில் சிறகு முளைக்குமா?



நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் ஒவ்வொருவர் முதுகிலும் இருக்கிற தோள்பட்டை எலும்பைப் பற்றியதாகும். "சுயமரியாதைக்காரனுக்கு எலும்பைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். நம் உடம்பைப் பற்றி நமக்கு எவ்வளவுக்கெவ்வளவு தெரியாதோ அவ்வளவுக்கவ்வளவு மந்திரவாதிக்கும் ஜோசியனுக்கும் வருமானம். ஆதலால்தான் பேசுகிறேன்.

எனக்குத் தெரிந்த மூட்டை தூக்கும் தோழர் ஒருவருக்கு வலது கையைத் தலைக்குமேல் தூக்க முடியாமல் போயிற்று. சட்டையைக் கழற்றிப் பார்த்தால், முதுகில் எலும்பு சிறகைப்போல் புடைத்து நின்றது. செய்வினை என்றார்கள், சனி பிடித்தது என்றார்கள். ஒரு பூசாரியார் 48 நாள் விரதமும் ஒரு தாயத்தும் கொடுத்து, அவருடைய ஒரு மாதக் கூலியைக் கறந்துவிட்டார்.

உண்மை என்ன? தோள்பட்டை எலும்பு முக்கோண வடிவமான தட்டை எலும்பு. காறை எலும்பு ஒன்றின் மூலமாகத்தான் அது உடம்பின் நடு எலும்புக்கூட்டோடு சேர்ந்திருக்கிறது. மற்றபடி தசைகளால் கட்டப்பட்டு, விலாவின்மேல் வழுக்கி நகர்கிறது. கையை முழுவதும், அதாவது 180 பாகை தூக்கினால், தோள்மூட்டு கொடுப்பது சுமார் 120 பாகைதான். மீதி 60 பாகை இந்த எலும்பு திரும்புவதால் கிடைக்கிறது. இன்மன் முதலிய டாக்டர்கள் 1944-இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். தலைக்குமேல் கைகூப்பிக் கடவுளைக் கும்பிட வேண்டுமானாலும் இந்த எலும்பு திரும்பியாக வேண்டும்!

விலா எலும்புகளை ரம்பப் பல்லைப்போல் பற்றிக்கொண்டிருக்கும் ஒரு தசைதான் இதன் உள்விளிம்பை மார்புக்கூட்டோடு அணைத்து வைத்திருக்கிறது. அந்தத் தசையை இயக்குவது, கழுத்தின் 5, 6, 7-ஆம் நரம்பு வேர்களிலிருந்து புறப்பட்டு விலாப்புறத்தில் இறங்கும் ஒரு நரம்பு. தோளைப் பாரம் அழுத்தினாலும், அடிபட்டாலும், அக்குளில் ஆபரேஷன் செய்யும்போது சேதப்பட்டாலும் அந்த நரம்பு செயலற்றுப்போகும். தசை தளரும், எலும்பு புடைக்கும். இதில் சனிக்கு என்ன வேலை?

சந்தேகமிருந்தால் இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றித் தள்ளச் சொல்லி, பின்னாலிருந்து பாருங்கள். கெட்ட பக்கத்து எலும்பு எழும்பி நிற்கும். வேறு நரம்பு கெட்டாலும், பரம்பரையாய் வரும் சில தசை நோய்களாலும் எலும்பு புடைப்பதுண்டு. எது காரணமென்று கண்டுபிடிக்க வேண்டியது டாக்டர்; பூசாரியல்ல.

இனி மோசடியைக் கேளுங்கள். நைந்துபோன நரம்பிழை மறுபடி வளர்வது நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். 48 நாளில் இரண்டு அங்குலங்கூட ஆகாது. இந்த நரம்போ ஏறக்குறைய ஒரு சாண் நீளம். ஆகவேதான் குணமாக ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம்வரை ஆகலாம். பலருக்குப் பாரத்தை நிறுத்தி, தக்க பயிற்சி செய்தால் தேறிவிடுகிறது. தேறாதவர்களுக்கு மார்புத் தசையை மாற்றிப் பொருத்தும் ஆபரேஷன் இருக்கிறது.

நம் தோழரும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய், பயிற்சி செய்து, பத்து மாதத்தில் கையைத் தூக்கினார். பூசாரியாரோ "என் தாயத்தின் மகிமை" என்கிறார். குணமானால் தாயத்து, குணமாகாவிட்டால் உன் பூர்வ ஜன்மப் பாவம்! இரண்டிலும் நஷ்டப்படாத வியாபாரம் உலகத்தில் வேறு உண்டா?

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-இல், ஓர் ஆண் தூக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படக் கூடாதென்று சிபாரிசு செய்தது. ஆகவே, தோழர்களே! முதுகில் எலும்பு புடைத்தால் கிரகத்தைப் பார்க்காதீர்கள். மூட்டையின் எடையைப் பாருங்கள். தாயத்துக்குக் கொடுக்கும் காசை ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டிக்குக் கொடுங்கள். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுகிறவனிடம் "ஏன்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி கேட்கும் துணிவுக்குப் பெயர்தான் சுயமரியாதை.