ஓய்வு நேரத்தில் ஒரு தக்கிளி

வேலை மிகுந்த நாளில் நூல் நூற்க ஏது நேரம் என்பீர்கள். ராட்டைக்கு இடம் வேண்டும். தக்கிளிக்கு ஒரு பிடி பஞ்சு போதும். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியில் நூற்பும் பாடமாயிற்று. சோறு கொதிக்கும் பத்து நிமிடத்திலும் நூற்கலாம். இடையில் எழவேண்டுமானால் நூலைச் சுற்றி வைத்துவிடலாம்.

லயத்தோரத்து இலவம்பஞ்சு இதற்கு ஆகாது. அதன் இழை வழுவழுப்பானது, நழுவிவிடும். அது தலையணைக்கே ஏற்றது. பருத்தி இழையில் இயற்கையான முறுக்கு உண்டு, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

வலக்கை விரலால் தக்கிளியைச் சுழற்றி, இடக்கைப் பஞ்சை மெல்ல மேலே இழுங்கள். முறுக்குக் குறைந்தால் நூல் அறும், மிஞ்சினால் சுருளும். அந்தப் பக்குவத்தை விரல்தான் கற்கவேண்டும். பல இழை சேர்த்து முறுக்கினால் சாமி விளக்குக்குத் திரி கிடைக்கும். நூற்கத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால், பேரப்பிள்ளைகளை இன்றே அருகில் அமர்த்துங்கள்.