மேனாமினுக்கிக்கு ஆண்பால் எங்கே?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோவில்பட்டிப் பெருமக்களே, வீட்டிலே தொலைக்காட்சி முன்னால் கூடியிருக்கிற குடும்பத்தாரே!

'பிள்ளைகளின் புது மோஸ்தருக்குத் தேவை கேலியா? கனிவா?' இதுதான் தலைப்பு. கேலி பண்ணித்தான் அடக்கணும் என்று எதிரணித் தலைவர் முழங்கினார். அவர் போட்டிருக்கிற சட்டையைப் பார்த்தேன். அதுவே போன தீபாவளி மோஸ்தர்! (சிரிப்பு)

ஐயா, 'மோஸ்தர்' என்ற சொல்லே போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தது. 'ஷோக்கு' உருது வழியாக வந்தது. 'பேஷன்' இங்கிலீஷ். ஆனால் கேலி பண்ணுகிற சொல்லை மட்டும் நாம் யாரிடமும் கடன் வாங்கலை. மினுக்கு, குலுக்கு, பகட்டு எல்லாம் சொந்த விளைச்சல். கரிசலில் மழை பொய்த்தாலும் இந்த மகசூல் பொய்க்காது! (கைதட்டல்)

இதோ பக்கத்து இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன், 1982-இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தந்தார். ஒரு மண்ணின் வயிறு அதன் சொல்லிலே தெரியும். இது மானாவாரி பூமி. எங்கள் வீட்டில் அன்றாடம் கம்பும் சோளமும்தான். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். கம்மங்கஞ்சியை நான் தள்ளி வைத்தால், "நொரநாட்டியம் பண்ணாதலே" என்பாள் எங்க ஆச்சி. எதிரணியினரே, அது கேலி இல்லை, பயம். இதை விட்டால் பிள்ளைக்குக் கொடுக்க வேறே இல்லையே என்கிற பயம்.

ஆனால் 1985-இல் நடந்தது வேறே. 'பூவே பூச்சூட வா' படம் வந்தது. நதியா கம்மல், நதியா வளையல் என்று கடைத்தெருவெல்லாம் ஒரே நதியா! எங்க அக்கா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கூலியிலேதான் நான் படித்தேன். மிச்சம் பிடித்து ஒரு ஜோடி நதியா கம்மல் வாங்கிப் போட்டுக்கிட்டா. வீடே சிரித்தது, "மேனாமினுக்கி!" நானும் சொன்னேன். மறுநாள் கம்மலைக் கழற்றிவிட்டு, காதிலே வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

நாலு வருஷம் கழித்து அவள் காசிலே நான் பேகி பேண்ட் தைத்தேன். ஒரு பேண்டிலே ரெண்டு ஆள் குடியிருக்கலாம்! (சிரிப்பு) எனக்கு என்ன பேர் தெரியுமா? "தம்பி ஷோக்கா இருக்கான்." மேனாமினுக்கிக்கு ஆண்பால் என்ன? முனைவர் பட்டம் வாங்கியும் எங்க ஊர் வாயிலே நான் அதைக் கேட்டதில்லை! (கைதட்டல்)

2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்தது. ஆச்சி கெஞ்சி ஊட்டின கம்பு இன்றைக்குக் கல்யாணப் பந்தியிலே கௌரவப் பதார்த்தம். மோஸ்தர் போகும், வரும். நதியா கம்மலும் வந்த வேகத்தில் போய்விட்டது. ஆனால் அந்தச் சொல்?

என் மகள் கல்யாணத்துக்கு அக்காவுக்கு ஒரு ஜோடிக் கம்மல் வாங்கிக் கொடுத்தேன். கையிலே வைத்துப் பார்த்தாள். "இந்த வயசிலே எதுக்குலே, மேனாமினுக்கி மாதிரி?" என்றாள்.

நாற்பது வருஷம், ஐயா. கம்மல் ஒரு நாள்தான் இருந்தது. சொல் இன்னும் அவள் காதிலேயே கிடக்கிறது.

பிள்ளைகளின் ஆசை தானாக உதிரும். நாம் சொன்ன சொல் உதிராது. ஆகவே, தேவை கனிவே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.