இரு உலகப் போர்களுக்கிடையே போர் முறை மாறிய வரலாறு



பள்ளியில் வரலாறு கற்பித்து வந்த நாட்களில் மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினா எழுப்பினான். "ஐயா, பிரெஞ்சுக்காரர்கள் ஏராளமான பொருட்செலவில் மாஜினோ அரணைக் கட்டினார்கள். ஜெர்மானியர் அதைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய தேசத்தில் இதை முன்கூட்டியே யோசிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையா?" என்று கேட்டான். மணி அடிக்கும் நேரம். "அது மூடத்தனந்தான், தம்பி" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன். பின்னாளில் அந்த வரலாற்றை விரிவாகப் படித்தபோது, நான் கூறிய விடை தவறு என்பதை உணர்ந்தேன். அன்று அந்த மாணவனுக்குச் சொல்லத் தவறியதையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

முதல் உலகப் போர் 1914ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் மூண்டது. சில மாதங்களில் போர் முடிந்துவிடும் என்றே இரு தரப்பினரும் நம்பினர். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள், வட கடலிலிருந்து சுவிட்சர்லாந்தின் எல்லை வரையில் பதுங்கு குழிகள் தொடர்ச்சியாக வெட்டப்பட்டுவிட்டன. குழிகளுக்கு முன்னால் முள்கம்பி வேலி. வேலிக்குப் பின்னால் இயந்திரத் துப்பாக்கி. அதற்கும் பின்னால் பீரங்கிகள். குழியில் இருப்பவனுக்குப் பாதுகாப்பு உண்டு. எழுந்து முன்னேறுகிறவனுக்கு அது இல்லை. 1916ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, சோம் நதிப் பகுதியில், ஏழு நாட்கள் இடைவிடாமல் குண்டு பொழிந்த பின்னர் பிரிட்டிஷ் படை முன்னேறியது. அந்த ஒரே நாளில் மாண்டவரும் காயமுற்றவரும் காணாமற்போனவருமாக 57,000க்கு மேற்பட்டோர். அவர்களுள் 19,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தவர்கள்.

எதிரியின் முதல் வரிசையை ஒருபோதும் பிடிக்க முடியவில்லை என்று நினைத்துவிடலாகாது. பல முறை பிடித்தார்கள். அதற்கு அப்பால் செல்லத்தான் முடியவில்லை. இதற்கு நம்மவர்கள் பங்குகொண்ட போர் ஒன்றே சான்றாகும். 1915ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10ஆம் தேதி, பிரான்சில் நவ் ஷப்பேல் என்னும் சிற்றூரின்மீது தாக்குதல் நடைபெற்றது. தாக்கிய படையில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்திய வீரர்கள். 35 நிமிடமே பீரங்கிகள் முழங்கின. பின்னர் வீரர்கள் பாய்ந்து சென்று, சில மணி நேரத்தில் ஊரைக் கைப்பற்றிவிட்டனர். வழி திறந்துவிட்டது. ஆனால் அச்செய்தி பின்னால் இருந்த தளபதியை எட்டவில்லை. தொலைபேசிக் கம்பிகளைக் குண்டுகள் அறுத்துவிட்டன. ஓடிச் செல்லும் தூதுவனோ வழியிலேயே வீழ்ந்தான். கட்டளை வந்து சேர்வதற்குள், ஜெர்மானியர் துணைப்படைகளைக் கொண்டுவந்து திறந்த வழியை அடைத்துவிட்டனர். மூன்று நாட்களில் இந்தியப் படையில் மட்டும் 4,000க்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் போயினர். அவ்வூரில் 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய வீரர் நினைவுச் சின்னம் இன்றும் நிற்கிறது.

ஆகவே, போர்க்களத்தின் சிக்கல் வீரமின்மையன்று, வேகமின்மையே ஆகும். தாக்குகிறவன் குண்டுகளால் உழப்பட்ட சேற்றில் நடந்து செல்ல வேண்டும். காக்கின்றவனுக்கோ பின்னால் இரயில் பாதை இருக்கிறது. முன்னவன் ஒரு மைல் நடப்பதற்குள் பின்னவனுக்குப் பல மைல் தொலைவிலிருந்து உதவி வந்துவிடும்.

இச்சிக்கலுக்கு அப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு விடைகள் தோன்றின. பிரிட்டிஷார் கண்ட விடை டாங்கி. முள்கம்பியை நசுக்கிக்கொண்டும் குழிகளைத் தாண்டிக்கொண்டும் செல்லக்கூடிய இக்கவச வண்டி, 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி முதன்முறையாகக் களத்தில் இறங்கியது. அடுத்த ஆண்டு நவம்பர் மாதம் கம்ப்ரே என்னும் இடத்தில், ஏறத்தாழ 380 போர் டாங்கிகள் முன்னறிவிப்பாகிய பீரங்கி முழக்கமின்றித் திடீரெனப் பாய்ந்தன. ஒரே நாளில் ஐந்து மைல் வரை முன்னேறின. எனினும் பத்து நாட்களில் ஜெர்மானியர் எதிர்த்தாக்குதல் நடத்தி, இழந்த நிலத்தில் பெரும்பகுதியை மீட்டுக்கொண்டனர். அக்காலத்து டாங்கி மணிக்கு நான்கு மைல் செல்வதே அரிது. அடிக்கடி பழுதுபட்டும் நின்றுவிடும்.

ஜெர்மானியர் கண்ட விடை வேறு. சிறு சிறு குழுக்களாக வீரர்களைப் பயிற்றி, எதிரி வலுவாக உள்ள இடங்களை விட்டு விலகி, வலுவற்ற இடங்களில் புகுந்து, பின்புறம் சென்று குழப்பம் விளைவிக்கச் செய்தனர். 1918ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இம்முறை வியக்கத்தக்க வெற்றி தந்தது. ஆனால் மனிதன் காலால் நடக்க வேண்டியவன். அவனுக்குப் பின்னால் உணவும் குண்டுகளும் வந்து சேரவில்லை. எனவே அதுவும் ஓய்ந்தது. அந்த ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி போர் நின்றபோது, ஒருவரிடம் இயந்திரம் இருந்தது. மற்றொருவரிடம் அதனை எவ்வாறு செலுத்த வேண்டும் என்ற கருத்து இருந்தது. இரண்டையும் யார் முதலில் இணைப்பது என்பதே அடுத்த இருபது ஆண்டுகளின் கதை.

வென்ற பிரான்சின் நிலையை முதலில் பார்ப்போம். போரில் அந்நாடு 13 இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைப் பலி கொடுத்திருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்கள். அவர்களுக்குப் பிறந்திருக்க வேண்டிய குழந்தைகளும் பிறக்கவில்லை. எனவே 1930களின் நடுவில் படைக்கு ஆள் சேர்க்கும் வயதினரின் தொகை பெரிதும் குறையும் என்பது முன்னதாகவே தெரிந்திருந்தது. ஆள் குறைவாக உள்ள நாடு, ஆளுக்குப் பதிலாகக் கற்காரையையும் எஃகையும் எல்லையில் நிறுத்த எண்ணியது இயற்கையே. 1930ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் பணம் ஒதுக்கிற்று. போர் அமைச்சராக இருந்த ஆந்திரே மாஜினோ, முதற்போரில் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்து வெர்டன் அருகே கடுங்காயமுற்றவர். மீண்டும் ஒரு தலைமுறை அவ்வாறு அழியலாகாது என்று கருதியவரை மூடர் என்று கூறுவது நியாயமாகுமா?

அரண் கடல் வரையில் நீளவில்லை என்பது உண்மை. வடக்கே பெல்ஜியம் நட்பு நாடாக இருந்தது. நண்பனின் முகத்துக்கு நேரே மதில் எழுப்புவது எப்படி? 1936இல் பெல்ஜியம் நடுநிலை நாடாக மாறியபோது காலம் கடந்துவிட்டது. இடையில் ஆர்டென் என்னும் காட்டு மலைப்பகுதி உண்டு. தக்க ஏற்பாடுகள் செய்தால் அதனைக் கடப்பது இயலாது என்று 1934இல் மார்ஷல் பெத்தான் கூறினார். அந்தத் தக்க ஏற்பாடுகள் முழுமையாகச் செய்யப்படவில்லை.

பிழை அரணில் இல்லை. அதற்கு வெளியே நின்ற படையின் சிந்தனையில் இருந்தது. பீரங்கிகளை ஒழுங்காக நிரப்பி, திட்டம் வகுத்து, படிப்படியாக முன்னேறுவதே போர் என்று பிரெஞ்சுத் தளபதிகள் கருதினர். 1918இல் அம்முறைதான் வெற்றி தந்தது. டாங்கியையும் காலாட்படைக்குத் துணையாகவே பிரித்துக் கொடுத்தனர். டாங்கிகளைத் தனிப்படையாகத் திரட்ட வேண்டும் என்று 1934ஆம் ஆண்டில் நூல் எழுதிய ஓர் அதிகாரியின் சொல் எடுபடவில்லை. அவரே பிற்காலத்தில் புகழ்பெற்ற சார்லஸ் டிகால்.

பிரிட்டனில் ஃபுல்லர், லிடெல் ஹார்ட் முதலிய சிந்தனையாளர்கள் இயந்திரப் படையைப் பற்றி எழுதினர். 1927ஆம் ஆண்டு சாலிஸ்பரிச் சமவெளியில் அத்தகைய படை ஒன்றைச் சோதனைக்காக அமைத்தும் பார்த்தனர். அடுத்த ஆண்டே அது கலைக்கப்பட்டது. ரஷ்யாவில் துகச்செவ்ஸ்கி என்னும் தளபதி, டாங்கி, விமானம், குடைவீரர் ஆகிய அனைத்தையும் கொண்டு எதிரியின் முன்வரிசையையும் பின்புலத்தையும் ஒருங்கே தாக்கும் முறையை வகுத்தார். 1937ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஸ்டாலினின் ஆட்சியில், பொய்க் குற்றம் சாட்டப்பட்டு அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆசிரியரைக் கொன்ற பின் பாடநூலைத் திறக்க மாணவர்க்குத் துணிவு வருமா?

தோற்ற ஜெர்மனியின் நிலை வேறு. 1919ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கையின்படி அதன் தரைப்படை ஓர் இலட்சம் பேருக்கு மேற்படக் கூடாது, டாங்கி கூடாது, போர் விமானமும் கூடாது. படைத் தலைவர் சேக்ட் என்பவர், தோல்வியின் காரணங்களை ஆராய ஐம்பதுக்கு மேற்பட்ட குழுக்களை அமைத்தார். போரில் எதிர்பாராத நிலைமைகள் யாவை, அவற்றைச் சமாளித்தது எப்படி, இன்னும் தீராத சிக்கல்கள் யாவை என்றெல்லாம் அக்குழுக்கள் ஆராய்ந்தன. டாங்கி இல்லாதபோது மோட்டார் வண்டியின்மீது மரச்சட்டமும் கித்தானும் போர்த்தி அதனையே டாங்கியாகப் பாவித்துப் பயின்றனர். பின்னர் உடன்படிக்கையை மீறி, ரஷ்யாவில் கசான் நகருக்கருகே மறைவாகப் பள்ளி அமைத்தும் பயின்றனர்.

இவர்களுள் குடேரியன் என்னும் அதிகாரி குறிப்பிடத்தக்கவர். முதற்போரில் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் பணியாற்றியவர். நவ் ஷப்பேலில் அறுந்த கம்பியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு டாங்கியிலும் வானொலிக் கருவி இருக்க வேண்டும்; தளபதி பின்னால் மாளிகையில் அமராமல் படையோடு முன்னால் செல்ல வேண்டும் என்பது அவர் கருத்து. டாங்கியின் வேகத்துக்கு ஈடாகக் காலாட்படையும் பீரங்கியும் பாலம் அமைப்போரும் வண்டிகளில் உடன் செல்ல வேண்டும் என்றும் வற்புறுத்தினார். 1935ஆம் ஆண்டு அக்டோபரில் இவ்வாறு மூன்று பான்சர் படைப்பிரிவுகள் அமைந்தன. தொலைவிலுள்ள எதிரியைத் தாக்கும் பீரங்கியின் வேலையைச் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் விமானம் ஏற்றுக்கொண்டது.

1940ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் தேதி தேர்வு நாள் வந்தது. ஜெர்மனியிடம் ஏறத்தாழ 2,400 டாங்கிகள். அவற்றுள் பெரும்பாலானவை இலகுவானவை. பிரான்சிடம் தொகையும் மிகுதி, கவசமும் கனமானது. ஆனால் பிரெஞ்சு டாங்கிகள் பலவற்றில் வானொலி இல்லை. கோபுரத்துள் ஒருவனே குறி பார்த்து, குண்டு நிரப்பி, சுட்டு, கட்டளையும் இட வேண்டியிருந்தது. ஜெர்மானியரின் 130க்கு மேற்பட்ட படைப்பிரிவுகளுள் பத்து மட்டுமே பான்சர் பிரிவுகள். மிகப் பலர் கால்நடையாகவும் குதிரை வண்டிகளோடும் வந்தவர்களே. அந்தப் பத்தில் ஏழை ஆர்டென் காட்டின் வழியாக ஒருசேரச் செலுத்தினர் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது.

மே 12ஆம் தேதி செடான் நகரத்தருகே மியூஸ் நதிக்கரையை அடைந்தனர். கனரகப் பீரங்கிகள் வந்து சேரப் பல நாட்கள் ஆகும், அதற்கு முன் நதியைக் கடக்க மாட்டார்கள் என்று பிரெஞ்சுத் தலைமை கணக்கிட்டது. 1918ஆம் ஆண்டுக்கு அது சரியான கணக்கு. மறுநாளே விமானங்கள் மணிக்கணக்கில் குண்டு வீச, இரப்பர்ப் படகுகளில் நதியைக் கடந்துவிட்டனர். ஒரு வாரத்தில், மே 20ஆம் தேதி, ஏறத்தாழ 150 மைல் கடந்து கடற்கரையை எட்டினர். பிரெஞ்சுத் தலைமைத் தளபதி காமெலின் தங்கியிருந்த வான்சேன் கோட்டையில் வானொலிக் கருவியே இல்லை. பின்னிருப்பாக வைத்திருந்த ஏழாம் படையையோ, அவர் முன்னதாகவே ஹாலந்து நோக்கி அனுப்பியிருந்தார். டன்கிர்க்கிலிருந்து 3,38,000க்கு மேற்பட்டோர் கப்பலேறித் தப்பினர். ஜூன் 22ஆம் தேதி பிரான்சு போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. எதிரி நேருக்கு நேர் மோதத் தயங்கிய மாஜினோ அரண், பெரும்பாலும் வீழாமலே சரணடைந்தது.

நேயர்களே, இத்துடன் கதை முடிந்தால், வேகமே வெல்லும் என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். வென்ற ஜெர்மனியும் பிரான்சு செய்த பிழையையே பின்னர் செய்தது. 1940இல் வென்ற முறை எங்கும் வெல்லும் என்று நம்பி, 1941இல் ரஷ்யாவின்மீது பாய்ந்தது. அங்கே தொலைவுக்கு எல்லையில்லை, சாலைகள் சேறாயின, உணவும் எரிபொருளும் எட்டவில்லை. டிசம்பரில் மாஸ்கோவின் வாயிலில் அப்படை நின்றுவிட்டது. 1943ஆம் ஆண்டு ஜூலையில் கூர்ஸ்க் களத்தில், கண்ணிவெடிகளும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளும் நிறைந்த வரிசைகளைப் பல மைல் ஆழத்துக்கு அமைத்து, ரஷ்யர் பான்சர் படையைத் தடுத்து வென்றனர். இயந்திரத்துக்கும் மாற்று உண்டு. அதோடு, எத்துணைத் திறமை இருந்தாலும் அநீதியான நோக்கத்துக்குப் பணிபுரிந்த படை அது என்பதையும், இவ்விரு போர்களில் அழிந்த உயிர்கள் கோடிக்கணக்கானவை என்பதையும் மாணவர்கள் மறக்கலாகாது. போர்க்கலையின் நுட்பத்தை அறிவது வேறு. போரைப் போற்றுவது வேறு.

அந்த மாணவனுக்கு இப்போது என் விடையைக் கூறுகிறேன். தம்பி, அவர்கள் மூடர் அல்லர். சென்ற ஆண்டு வினாத்தாளுக்கு மிக நன்றாகப் படித்துத் தேர்வுக்கு வந்தவர்கள். வெற்றி பெற்றவன் தான் எழுதிய விடையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. தோற்றவன் ஒவ்வொரு வரியையும் பார்க்கிறான். வென்ற பிறகும் தன் விடையைத் திருப்பிப் பார்க்கிறவன் எவனோ, அவனே கற்றவன். இது படைத்தலைவருக்கு மட்டுமன்று, உங்களுக்கும் பொருந்தும். நாற்பது பேர் முன்னிலையில் அவசரமாக விடை கூறிய ஆசிரியருக்கும் பொருந்தும்.