நம் கோப்பை நாமே காப்போம்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



நம் பெற்றோர் பிள்ளைகளின் சான்றிதழ்களைத் தகரப் பெட்டியில் பூட்டிக் காத்தனர். இன்று சாதிச் சான்றிதழும், வருமானச் சான்றிதழும், மதிப்பெண் பட்டியலும், உதவித்தொகை விண்ணப்பத்தின் நகலும் கணிப்பொறியில் கோப்புகளாக உறைகின்றன. இணையத்திலிருந்து இறக்குபவை யாவும் ‘டவுன்லோட்ஸ்’ என்னும் ஒரே உறையில் வந்து குவிகின்றன. கண்ணுடையோர் ஒரே பார்வையில் பொறுக்கி எடுத்துவிடுவர். பார்வையற்ற நாங்களோ ஒவ்வொரு பெயராகக் காதால் கேட்டே அறிதல் வேண்டும். இருநூறு கோப்புகள் இருப்பின், இருநூறு முறை அம்புக்குறி விசையை அழுத்த வேண்டும்.

இதற்கு அஞ்சி நெடுநாள் பிறர் கையில் ஒப்படைத்திருந்தோம். உதவ வந்தவர் நல்லவரே. ஆயினும் எங்கள் கடவுச்சொல் அவருக்குத் தெரிந்தது. எங்கள் வருமானக் கணக்கை அவர் படித்தார். அவர் வராத ஒரு நாளில் விண்ணப்பத்தின் இறுதி நாள் கடந்தே போயிற்று. கல்வி பெற்றும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பது முழு விடுதலை ஆகுமா?

திரையில் உள்ளதைக் குரலாக்கித் தரும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பர். 2006ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் தொடங்கிய ‘என்.வி.டி.ஏ.’ அவற்றுள் ஒன்று. அதற்கு விலை இல்லை, தமிழிலும் பேசும். ஏழை மாணவருக்கு இதனினும் பெரிய கொடை ஏது?

இனி, கோப்புகளைத் தாமே இடம் பெயரச் செய்யும் வழியைக் கூறுவோம். விண்டோஸ் கணிப்பொறியில் ‘ரோபோகாப்பி’ என்னும் கட்டளை உண்டு. நோட்பேடில் ஒரே வரி எழுதினால் போதும். முதலில் கட்டளையின் பெயர். அடுத்து எடுக்கும் உறை. பின்பு சேர்க்கும் உறை. அதன்பின் எவ்வகைக் கோப்பு என்பது. இறுதியில் சாய்கோடிட்டு எம், ஓ, வி. உறையின் பெயரில் இடைவெளி இருப்பின் இரட்டை மேற்கோளுக்குள் இடுதல் வேண்டும். அதனை ‘பேட்’ என முடியும் பெயரில் சேமித்து, ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்னும் கருவியில் நாள்தோறும் ஒரு நேரம் குறித்துவிட்டால், வேலை தானே நடைபெறும். சுட்டெலி வேண்டா, டேப் விசையும் அம்புக்குறிகளுமே போதும்.

ஆயின் விழிப்பும் வேண்டும். எம், ஓ, வி என்பதுடன் ஈ என்னும் எழுத்து சேர்ந்துவிட்டால், உறைகளையும் பெயர்க்கும் வேறொரு கட்டளையாக அது மாறிவிடும். வேகமாகக் கேட்கும் காதுக்கு இவ்வேறுபாடு தப்பிவிடலாம். ஆகவே எழுதிய வரியை எழுத்தெழுத்தாகக் கேட்டுச் சரிபார்க்க. முதன்முறை சாய்கோடிட்டு எல் என்பதையும் சேர்த்து இயக்கினால், எதுவும் பெயராது. எவை பெயரும் என்னும் பட்டியல் மட்டும் கிடைக்கும். மற்றொன்று: சேர்க்கும் உறையில் அதே பெயருள்ள வேறு கோப்பு இருப்பின், புதியது பழையதை அழித்து அமர்ந்துவிடும். அண்ணன் சான்றிதழும் தம்பி சான்றிதழும் ஒரே பெயரில் இறங்கினால் ஒன்று பறிபோகும். அதனால் பெயரிடுவதில் ஒழுங்கு தேவை. வேறிடத்தில் ஒரு படியும் தேவை. ‘லாக்’ என்னும் சொல்லைச் சேர்த்தால் நடந்தவை யாவும் ஒரு குறிப்பேட்டில் பதிவாகும். அதைக் காலையில் திறந்து கேட்கலாம். கண்ணால் காண இயலாதோர்க்கு இதுவே சாட்சி.

இயந்திரம் அறிவுடையது அன்று. சொன்னதைச் செய்யும், அவ்வளவே. சரியாகச் சொல்லக் கற்பது நம் கடமை. சங்கத்தாரிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே. படிப்பகத்துக் கணிப்பொறியில் திரைவாசிப்பானை நிறுவுங்கள். ஒரு காதொலிக் கருவியும் வையுங்கள். பார்வையற்ற ஒரு பிள்ளை தன் சான்றிதழைத் தானே தேடி எடுத்து, தானே விண்ணப்பிக்கும் நாளை விரைவில் காண்போம்.