விளையாடும்போது நின்றுபோகும் கணினி
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பைப் பேச இந்த மேடையில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது வீட்டுக்குள் நடக்கும் ஒரு சண்டையைப் பற்றி.

அப்பா ஓவர்டைம் செய்து, அம்மா கூட்டுப் பணம் எடுத்து, பிள்ளை படிக்கட்டும் என்று ஒரு மேசைக் கணினி வாங்கி வைக்கிறார்கள். பாடம் எழுதும்போது ஒழுங்காக ஓடுகிறது. விளையாட்டைத் திறந்தால் அரைமணி நேரத்தில் காற்றாடி கத்துகிறது, படம் அப்படியே உறைந்து நிற்கிறது. இல்லாவிட்டால் பொட்டென்று அணைந்துபோகிறது. “கேம் ஆடி ஆடியே கெடுத்துட்டான்!” என்று அப்பா கை ஓங்குகிறார். கடைக்குக் கொண்டுபோனால், “மதர்போர்ட் போச்சுங்க, 500 வெள்ளி ஆகும்” என்கிறார்கள்.

பெற்றோர்களே, கையை ஓங்குமுன் ஒன்று யோசியுங்கள். லோரியின் ரேடியேட்டர் அடைத்திருந்தால் சமதரையில் தெரியாது. செம்பனைக் குலை ஏற்றி மேடு ஏறும்போதுதான் கொதிக்கும். அதற்காக மேட்டையா திட்டுவோம்? விளையாட்டும் ஒரு மேடுதான். கடிதம் எழுதும்போது செயலி பாதித் தூக்கத்தில் இருக்கும். விளையாடும்போது செயலியும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 200 வாட்டுக்கு மேலும் இழுக்கும். பழைய 100 வாட் பல்பு இரண்டை பிஸ்கட் டின்னுக்குள் எரியவிட்டுப் பாருங்கள், அந்தச் சூடுதான். வெளியே போக வழி வேண்டுமல்லவா?

நம் ஊர் வெயிலையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். காற்றாடி எத்தனை வைத்தாலும் அறைக்காற்றைவிடக் குளிர வைக்காது. 22 டிகிரி குளிர்சாதன அறையில் 75 காட்டும் செயலி, நம் 32 டிகிரி மத்தியானத்தில் ஏறக்குறைய 85 காட்டும். பல இன்டெல் செயலிகளுக்கு எல்லை 100. அதை நெருங்கினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். அது தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. “சில்லு செத்துப்போச்சு” என்று அவசரப்பட வேண்டாம். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்தது இதே தீவில், பாயான் லெப்பாஸில், 1972-இல். அங்கெல்லாம் வேலை செய்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம், அவர்களைக் கேளுங்கள். சில்லைச் சூட்டில் வைத்துச் சோதித்து அனுப்புவது அந்தத் தொழிலில் பழைய பழக்கம். அது அவ்வளவு இலேசில் சாகாது.

சரி, என்ன செய்வது? காசில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். கணினியை அணைத்து, பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, மேசைக் காற்றாடியை உள்நோக்கி வைத்து, பிறகு விளையாடச் சொல்லுங்கள். ஓடும்போது யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது. ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் சூடுதான்.

அப்படியானால் சுத்தம் செய்ய வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, வெறும் இரும்புத் தகட்டை ஒருமுறை தொட்டுவிட்டு, ஐந்தடியில் வைத்துப் பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணி ஆகாது. ஊதும்போது காற்றாடி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிடாதீர்கள். நம் வீடுகளில் வெறும் தூசி மட்டுமா இருக்கிறது? தாளிக்கிற எண்ணெய்ப்புகை, சாம்பிராணி எல்லாம் சேர்ந்து பிசினாக ஒட்டியிருக்கும். சாமி மேடைக்கும் அடுப்படிக்கும் பக்கத்தில் கணினி வைக்கவே வேண்டாம்.

செயலியின் மேலுள்ள அலுமினியக் கட்டியை அசைத்துப் பாருங்கள். இன்டெலோடு வரும் சாதாரணக் காற்றாடிக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். ஒன்று கழன்றிருந்தாலும் சூடு ஏறாமல் என்ன செய்யும்! நாலைந்து வருடமானால் இடையிலுள்ள வெப்பப்பசை காய்ந்துவிடும். பழையதைத் துடைத்துப் பட்டாணி அளவு புதிது வைத்தால் போதும். அதற்கென்று விற்கும் பசைதான் வேண்டும், பற்பசை உதவாது. காற்றாடிகளில் முன்னது காற்றை இழுக்க வேண்டும், பின்னது வெளியே தள்ள வேண்டும். இரண்டும் இழுத்தால் சூடு எங்கே போகும்? மாணவர்களே, விளையாட்டின் அமைப்பில் படவேகத்தை 60-க்குக் கட்டிவையுங்கள். சல்லிக்காசு செலவில்லாமல் சூடு இறங்கும்.

பெட்டியைத் தரையிலும் வைக்காதீர்கள். தூசியும் அங்கேதான், வெள்ளமும் அங்கேதான். 2017 நவம்பரை நம் ஊரில் யார் மறந்தார்கள்?

இத்தனையும் செய்து, சூடு 80-க்குள் இருந்தும் நிற்கிறதா? அப்போது வேறு இடத்தில் தேட வேண்டும். நினைவகத் தகடு இரண்டிருந்தால் ஒன்றொன்றாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது, கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். சில சமயம் செய்தவர்கள் மேலேயே பிழை இருக்கும். 2024-இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் சில, உலகமெங்கும் விளையாட்டு நடுவே நின்றுபோயின. காரணம் தூசியில்லை. செயலி தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கித் தன்னையே தேய்த்துக்கொண்டது. நிறுவனம் திருத்தம் கொடுத்தது, உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டியது. வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

கடைக்குத்தான் போக வேண்டுமென்றால் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். விளையாட்டை ஓடவிட்டு எத்தனை டிகிரி காட்டுகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள். எதையாவது மாற்றினால், கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிய பிறகு காசைக் கொடுங்கள்.